ஒரே டோக்கன் இரண்டு பேருக்கா? ரேண்டம் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

டோக்கன், ஓடிபி, கீ எல்லாம் உருவாக்கக் கம்ப்யூட்டர் எடுக்கும் ரேண்டம் எண் (யாரும் ஊகிக்க முடியாத எண்) கெட்டுப்போனால் எந்த லாகிலும் சிவப்பு எழுத்தில் பிழை வராது. இதில் உள்ள பெரிய தொல்லையே அதுதான். எண் வரும், பார்க்கக் கன்னாபின்னாவென்று இருக்கும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் "பாஸ்வேர்டு மாத்தற லிங்கை அமுக்கினா வேற யாரோட பேரோ வருது" என்று டிக்கெட் போடுவார். இந்த மாதிரி டிக்கெட்டுகளை வருஷக்கணக்கில் பார்த்ததில், எந்த அறிகுறிக்கு எங்கே முதலில் கை வைப்பது என்று எனக்கு ஒரு வரிசை படிந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். தியரி கிடையாது. காசு செலவில்லாத காரணத்தை முதலில் பார்ப்போம், ஹார்டுவேர் மேல் சந்தேகப்படுவது கடைசியில்.

## எதற்கும் முன்னால் ஐந்து நிமிடத் தேடல்

ப்ரோக்ராம் கோடு (code) முழுவதும் தேடுங்கள். பிஎச்பி என்றால் ரேண்ட், எம்டி ரேண்ட், யூனிக்ஐடி. பைத்தானில் ரேண்டம் மாட்யூல். ஜாவாஸ்கிரிப்டில் மேத் ரேண்டம், கோ மொழியில் மேத் ரேண்ட், ஜாவாவில் யூட்டில் ரேண்டம், டாட்நெட்டில் சிஸ்டம் ரேண்டம், சி என்றால் ரேண்டும் எஸ்ரேண்டும். கிடைத்த ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: இந்த எண்ணை வேறொருவர் முன்கூட்டியே ஊகித்துவிட்டால் யாருக்காவது நஷ்டமா? விளையாட்டில் எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான், முகப்பில் எந்தப் படம் முதலில் வரும் என்பதற்கென்றால் விட்டுவிடுங்கள், அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். செஷன் ஐடி, ஓடிபி, ரீசெட் டோக்கன், ஏபிஐ கீ, என்கிரிப்ஷன் கீ, நான்ஸ் (ஒரே ஒருமுறை பயன்படுத்தும் எண்) என்றால் அந்த வரியை மாற்றியே ஆக வேண்டும்.

மாற்று என்ன? பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல், 3.6 முதல் இருக்கிறது. பிஎச்பி 7.0 முதல் ரேண்டம் பைட்ஸ், ரேண்டம் இன்ட். பிரௌசரில் கிரிப்டோவின் கெட் ரேண்டம் வேல்யூஸ், நோடில் கிரிப்டோவின் ரேண்டம் பைட்ஸ். கோ மொழியில் கிரிப்டோ ரேண்ட், ஜாவாவில் செக்யூர் ரேண்டம், டாட்நெட்டில் ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர், லினக்ஸில் சி எழுதுகிறவர்களுக்கு கெட்ரேண்டம். எல்லாமே கடைசியில் போய் நிற்பது இயங்குதளத்தின் வாசலில்தான், அங்கேயே போகட்டும். நடுவில் நம் சொந்தப் புத்திசாலித்தனத்தைச் செருகினால்தான் வம்பு.

"ஆனா ரெண்டும் பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பைத்தானின் சாதாரண ரேண்டம் மாட்யூலுக்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர். அது தரும் 32 பிட் எண்கள் தொடர்ச்சியாக 624 கையில் கிடைத்துவிட்டால், அடுத்து வரப்போகும் அத்தனை எண்ணையும் கணக்குப் போட்டு எழுதிவிடலாம். புள்ளியியல் சோதனைகளில் அது நன்றாகவே தேறும், அதனால் "டைஹார்டர் ஓட்டிப் பார்த்தோம், பாஸ்" என்று யாராவது ரிப்போர்ட் நீட்டினால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு கோடைக் கேளுங்கள்.

பாதிக்குப் பாதி டிக்கெட் இந்தத் தேடலிலேயே முடிந்துவிடும். முடியவில்லையென்றால் கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: ஒரே டோக்கன் இரண்டு பேருக்குப் போகிறது

### டோக்கன் வழியில் எங்காவது வெட்டுப்படுகிறதா?

இதை முதலில் பாருங்கள், ஏனென்றால் இதில் ரேண்டமுக்குத் தொடர்பே இல்லை, ஆனால் எல்லோரும் ரேண்டம் கோடில்தான் நோண்டிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை நான் போய்ப் பார்த்த இடத்தில் மூன்று பேர் இரண்டு நாளாக லாகின் கோடைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். டோக்கன் உருவாக்கும் வரி சுத்தமாக இருந்தது, 16 பைட், 32 எழுத்து. டேட்டாபேஸில் அந்த டேபிளைத் திறந்து பார்த்தால் எல்லா வரிசையிலும் எட்டே எழுத்து. டோக்கன் பத்தியின் (column) நீளத்தை யாரோ எப்போதோ 8 என்று வைத்திருக்கிறார்கள். பழைய மைஎஸ்க்யூஎல்லில் கண்டிப்பு மோடு அணைந்திருந்தது, அது மிச்சத்தை வெட்டியெறிந்துவிட்டு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. மெயில் அனுப்பும் ஜாப் டோக்கனை டேபிளிலிருந்தே எடுத்து அனுப்பியதால் லிங்கும் ஒழுங்காகவே வேலை செய்திருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

எட்டு ஹெக்ஸ் எழுத்து என்றால் மொத்தம் 429 கோடிச் சேர்க்கைகள், நிறைய மாதிரித் தெரியும். ஆனால் சுமார் 77,000 டோக்கன் சேர்ந்தாலே அதில் இரண்டு ஒன்றாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆறு எழுத்தாக இருந்தால் 4,800 போதும். எனவே டோக்கன் உருவான இடம், டேபிளில் இருப்பது, மெயிலில் போனது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தை எண்ணுங்கள். அப்படியே கோலேஷனையும் (டேட்டாபேஸ் எழுத்துகளை ஒப்பிடும் விதி) பாருங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத கோலேஷனில் பேஸ்64 டோக்கனைத் தேடினால் வேறு வேறு டோக்கன்கள் ஒன்றாகிவிடும்.

### பக்கம் கேஷ் ஆகிறதா?

டோக்கனோ குக்கியோ உள்ள பதிலை சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்துக் கொடுக்கும் இடைச் சர்வர்) சேமித்துவைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். பதிலின் ஹெட்டரில் கேஷ் கன்ட்ரோல் என்ன சொல்கிறது, ஏஜ் ஹெட்டர் பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோளாறு அங்கே, கீழே படிக்க வேண்டாம்.

### நேரத்தை வைத்து சமைத்திருக்கிறார்களா?

நேரத்தை எடுத்து, எம்டி5 (எதையும் 32 எழுத்துக் குறியாக மாற்றும் கணக்கு) போட்டு, 32 எழுத்தாக்கி "பாருங்க எவ்வளவு நீளம்" என்பார்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடிதான் இருக்கிறது. டோக்கன் எந்த நாள் உருவானது என்று தெரிந்தவருக்கு அத்தனை முயற்சி போதும், பழைய லேப்டாப்பில்கூட ஒரு வினாடி வேலை. பிஎச்பியின் யூனிக்ஐடி தருவதும் மைக்ரோ வினாடி வரையிலான நேரத்தைத்தான், 13 எழுத்தில். அதோடு ப்ராசஸ் எண்ணைச் சேர்த்தேன், ஐபி முகவரியைச் சேர்த்தேன் என்று மசாலா கூட்டிக்கொண்டே போவதில் பிரயோசனமில்லை, உள்ளே போன பொருள் அத்தனையும் ஊகிக்கக் கூடியது.

டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக சிஸ்டம் ரேண்டம் ஆப்ஜெக்ட் உருவாக்கினால், அது சீடு (ரேண்டம் வரிசை தொடங்கும் முதல் எண்) எடுக்கும் கடிகாரம் சுமார் 15 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் நகர்வதால், வரிசையாகப் பல ஆப்ஜெக்ட்டுகள் ஒரே சீடோடு பிறக்கும். கூப்பன் கோடு நூறு உருவாக்கினால் முதல் முப்பதும் ஒரே கோடாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

### வொர்க்கர்கள் எல்லாம் ஒரே நிலையிலிருந்து பிறந்தவையா?

அப்ளிகேஷனை முதலில் மெமரியில் ஏற்றிவிட்டு அப்புறம் வொர்க்கர்களாக (வேலையைப் பங்குபோடும் ப்ராசஸ்கள்) ஃபோர்க் செய்யும், அதாவது நகலெடுக்கும் அமைப்பில், ஏற்றும்போதே ரேண்டம் ஜெனரேட்டருக்கு சீடு போட்டுவிட்டால், நான்கு வொர்க்கரும் அதே சீடைச் சுமந்துகொண்டு கிளம்பும். சோதிப்பது சுலபம்: ஒவ்வொரு வொர்க்கரும் தொடங்கியதும் தன் ப்ராசஸ் எண்ணையும் முதல் 8 பைட்டையும் ஒரு தற்காலிக லாகில் எழுதட்டும் (பார்த்ததும் அந்த லாக் வரியை எடுத்துவிடுங்கள், அதை அப்படியே ப்ரொடக்ஷனில் விட்டவர்களும் இருக்கிறார்கள்). இரண்டு வரி ஒன்றாக இருந்தால் கிடைத்துவிட்டது.

பைத்தான் 3.7 முதல் ரேண்டம் மாட்யூல் ஃபோர்க் ஆனதும் தானாகவே சீடை மாற்றிக்கொள்கிறது. நம்பை (NumPy) என்ற பைத்தான் கணக்கு நூலகம் அப்படிச் செய்யாது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற கிரிப்டோ நூலகத்தில் 2018-இல் வந்த 1.1.1-க்கு முந்தைய பதிப்பு இருந்தால் முதலில் அதை மேம்படுத்துங்கள், 1.1.1-இல்தான் ரேண்டம் பகுதியைப் புதிதாக எழுதி ஃபோர்க் விஷயத்தைச் சரிசெய்தார்கள்.

### சர்வரே நகலா?

ஒரு மெய்நிகர் சர்வரை மெமரியோடு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து ஐந்து எழுப்பினால் ஐந்தின் கெர்னலுக்குள்ளும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரே ரேண்டம் நிலை. கொஞ்ச நேரத்தில் விலகிவிடும்தான், ஆனால் எழுந்த மறுகணமே கீ உருவாக்கினால் போச்சு. லினக்ஸ் 5.18 முதல், ஹைப்பர்வைசர் (மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) "நீ நகல்" என்று தெரிவித்தால் கெர்னல் உடனே புது சீடு எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஹைப்பர்வைசரில் அது திறந்திருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

இந்த ஐந்தும் இல்லையென்றால், அல்லது பணம் உள்ள கணக்கு ஒன்றாவது அடுத்தவருக்குத் திறந்திருந்தால், நீங்களே நோண்டுவதை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு ஆடிட்டரைக் கூப்பிடுங்கள். லாகை அழிக்காதீர்கள், சர்வரை ரீஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். இந்தியாவில் ஓடும் சேவையென்றால் செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

## அறிகுறி: ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அதே வரிசை வருகிறது

ஐந்து முறை ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு முறையும் முதல் 16 பைட்டை ஒரு கோப்பில் சேர்த்துப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் முதல் குற்றவாளி யாரோ டெஸ்டுக்காகப் போட்டு மறந்த நிலையான சீடு, அநேகமாக 42 அல்லது 1234. அடுத்தது மொழியின் இயல்பு. சி-யில் எஸ்ரேண்ட் கூப்பிடாவிட்டால் சீடு எப்போதும் 1. கோ மொழியில் 1.20-க்கு முன்பு மேத் ரேண்டும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் சீடு போட்டுச் சமாளிக்காதீர்கள், ஃபங்ஷனையே மாற்றுங்கள்.

சின்னச் சின்ன போர்டுகளில் கதை வேறு. ஆர்டுயினோவில் எதுவும் சொருகாத பின்னின் அனலாக் மதிப்பைப் படித்து சீடாகப் போடும் வழக்கம் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் இருக்கிறது. அந்தப் பின் தருவது 10 பிட், அதிகபட்சம் 1,024 சீடுதான். எல்இடியை மினுக்கச் செய்ய அது போதும், கதவுப் பூட்டுக்குப் போதாது. இஎஸ்பி32-இல் உள்ளேயே ஹார்டுவேர் ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் வைஃபையோ ப்ளூடூத்தோ ஓடிக்கொண்டிருந்தால்தான் அது தருவது உண்மையான ரேண்டம். ரேடியோவை அணைத்துவிட்டு பேட்டரி மிச்சம் பிடித்துக்கொண்டே கீ உருவாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்லோடரின் ரேண்டம் எனேபிள் அழைப்பைப் போட்டு, எடுத்து முடித்ததும் டிஸேபிள் செய்யலாம், அல்லது வைஃபை இணைந்த பிறகு கீ உருவாக்கும்படி வரிசையை மாற்றலாம். நான் இரண்டாவதையே செய்வேன், கோடு குறைவு.

இந்தப் பகுதியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012-இல் ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் கண்ணில் பட்ட ஆர்எஸ்ஏ கீக்களையெல்லாம் (இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கி உருவாக்குபவை) சேகரித்து ஒன்றோடொன்று பொதுக்காரணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். டிஎல்எஸ் பேசும் சாதனங்களில் 0.5 சதவீதத்தின் ரகசியக் கீ அப்படியே கையில் வந்துவிட்டது. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற பெட்டிகள், பெட்டியிலிருந்து எடுத்துச் சொருகிய முதல் நிமிடத்தில், ரேண்டம் எதுவும் சேர்வதற்கு முன்பே கீ உருவாக்கியவை. ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே விற்றுவிட்ட சாதனத்தில் இப்படி இருப்பதைக் கண்டுபிடித்தால், அது உங்கள் மேஜையில் தீர்கிற விஷயமில்லை. ஃபர்ம்வேர் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: சர்வர் தொடங்கும்போது அப்படியே நின்றுவிடுகிறது

டாம்கேட் (ஜாவா வெப் சர்வர்) லாகில் செஷன் ஐடிக்காக செக்யூர் ரேண்டம் உருவாக்க இத்தனை மில்லி வினாடி ஆனது என்று ஒரு வரி வரும், அந்த எண் சில லட்சம் இருக்கும். அதாவது நிமிடக்கணக்கில் காத்திருந்திருக்கிறது. எஸ்எஸ்எச் சர்வர் பூட் ஆனதும் எழாமல், கன்சோலில் நீங்கள் நாலு கீயைத் தட்டியதும் எழுவதும் இதே நோய்தான்.

முதலில் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். 5.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் /டெவ்/ரேண்டம் (கெர்னல் ரேண்டம் தரும் கோப்பு) ஒருமுறை தயாரான பிறகு திரும்ப நிற்காது. 5.4-இலேயே, தொடக்கத்தில் யாராவது காத்துக் கிடந்தால் சிபியு நேர நடுக்கத்தை வைத்துத் தானே தேற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆக இந்த நோய் பெரும்பாலும் பழைய சர்வர்களுக்குத்தான், சென்டோஎஸ் 7-இன் 3.10 கெர்னலைப் போல. கெர்னலை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள், கதை முடிந்தது.

முடியாதென்றால் மெய்நிகர் சர்வருக்கு விர்ட்ஐஓ ஆர்என்ஜி சாதனத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள், கீழே உள்ள நிஜ சர்வரிலிருந்து ரேண்டம் வந்துகொண்டிருக்கும். ஜாவாவுக்கு மட்டும் தொல்லை என்றால் செக்யூர் ரேண்டம் மூலத்தை /டெவ்/./யூரேண்டம் என்று கொடுங்கள். நடுவில் அந்தப் புள்ளி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய ஜாவா, புள்ளியில்லாத பெயரைப் பார்த்தால் "தெரியும் தெரியும்" என்று மறுபடி /டெவ்/ரேண்டமுக்கே போய்விடும், அதை ஏமாற்றத்தான். கோடில் இன்ஸ்டன்ஸ் ஸ்ட்ராங் என்று கேட்டிருந்தால் சாதாரண செக்யூர் ரேண்டமுக்கு மாற்றுங்கள், டோக்கனுக்கு அதுவே தாராளம்.

ஒரு வைத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். ஆர்என்ஜிடி சேவையை /டெவ்/யூரேண்டமிலிருந்து படித்து /டெவ்/ரேண்டமில் ஊற்றச் சொல்லும் ஒரு வரிக் கட்டளை ஊரெல்லாம் சுற்றுகிறது. இடது பாக்கெட்டில் இருந்த பணத்தை வலது பாக்கெட்டில் போட்டுவிட்டு வருமானம் வந்தது என்று கணக்கெழுதுவதுதான் அது. நிற்பது நின்றுவிடும், உள்ளே எதுவும் கூடியிருக்காது.

கெர்னலிடம் எவ்வளவு ரேண்டம் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் என்ட்ரோபி அவைல் கோப்பில் 256 என்று மட்டும் காட்டுகிறது, முன்பெல்லாம் 3,000 இருந்ததே என்று பதறுகிறவர்களுக்கு: புதிய கெர்னல்களில் அந்த எண் எப்போதும் 256-தான். மானிட்டரிங்கில் அதற்கு வைத்திருக்கும் அலாரத்தைக் கழற்றிவிடுங்கள்.

## அறிகுறி: சரியான ஓடிபியைப் போட்டும் தவறு என்கிறது

பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறதா? அப்படியானால் முதல் பூஜ்ஜியம். ஆறு இலக்க ஓடிபி 10 லட்சத்தில் 1 லட்சம் பூஜ்ஜியத்தில் தொடங்கும். 004512 என்பதை முழு எண்ணாகச் சேமித்தால் 4512 ஆகிவிடும், எஸ்எம்எஸ்ஸில் ஒன்று போகும், ஒப்பிடும்போது வேறொன்று இருக்கும். ஓடிபியை எழுத்துச் சரமாகவே வைத்துக்கொண்டு, ஆறு இடத்துக்குப் பூஜ்ஜியம் நிரப்பி அனுப்புங்கள். சிலர் 1,00,000-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டுத் தப்பிப்பார்கள், பத்தில் ஒரு பங்கு போகும், அவ்வளவுதான், நான் சண்டை போடமாட்டேன்.

சில இலக்கங்கள் மட்டும் அதிகமாக வருகின்றனவா? ஒரு பைட்டை எடுத்து 10-ஆல் வகுத்து மீதியைப் பயன்படுத்தியிருப்பார்கள். 256-ஐ பத்தால் வகுத்தால் மீதம் 6, எனவே 0 முதல் 5 வரை 26 தடவை வரும், 6 முதல் 9 வரை 25 தடவைதான். ஓடிபியில் இது பெரிய சேதமில்லை. ஆனால் இதே கோடை 62 எழுத்துள்ள பாஸ்வேர்டு ஜெனரேட்டருக்குக் கொண்டுபோனால் முதல் எட்டு எழுத்துகள் மற்றவற்றைவிட 25 சதவீதம் அதிகமாக வரும். 248-உம் அதற்கு மேலும் வரும் பைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள், அல்லது மொழி தரும் ரேண்டம் இன்ட்டையே கூப்பிடுங்கள், அது இதையெல்லாம் உள்ளேயே பார்த்துக்கொள்ளும்.

ஓடிபியை யாரோ ஊகித்துவிட்டார்கள் என்ற புகாரென்றால், ரேண்டமைத் தொடுவதற்கு முன் எத்தனை தவறான முயற்சியை அனுமதிக்கிறீர்கள் என்று பாருங்கள். கணக்கற்ற முயற்சிக்கு முன்னால் எந்த ஆறு இலக்கமும் நிற்காது.

## அறிகுறி: பிரௌசரிலோ மொபைலிலோ பிழை வருகிறது

இந்த ஒரு அறிகுறிதான் நியாயமானது, பிழை என்று வாய்விட்டுச் சொல்கிறது. ரேண்டம் யூயூஐடி என்று ஒரு ஃபங்ஷனே இல்லை என்றால், பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் திறந்திருக்கிறதா பாருங்கள். லோக்கல்ஹோஸ்டில் வேலை செய்யும், அதே கோடை ஆபீஸ் நெட்வொர்க்கில் 192.168 முகவரியில் போனில் திறந்தால் வேலை செய்யாது, சாதாரண எச்டிடிபியில் அந்த ஃபங்ஷன் கிடையாது. கோட்டா தாண்டியதாகப் பிழையென்றால், கெட் ரேண்டம் வேல்யூஸில் ஒரே தடவையில் 65,536 பைட்டுக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள், பிரித்துக் கேளுங்கள். ரியாக்ட் நேட்டிவில் அந்த ஃபங்ஷன் ஆதரவில்லை என்று வந்தால் அதற்கான பாலிஃபில்லை (இல்லாத ஃபங்ஷனை நிரப்பும் கோடு) எல்லா இம்போர்ட்டுக்கும் முதல் வரியாகப் போடுங்கள், இரண்டாவது வரியாகப் போட்டால்கூடச் சில சமயம் வேலை செய்யாது.

இங்கே செய்யக்கூடாத ஒன்று உண்டு. பிழை வருகிறதே என்று ட்ரை கேட்சுக்குள் வைத்து, கேட்சில் மேத் ரேண்டமைக் கூப்பிடுவது. ஒரு ரிவ்யூவில் இதைப் பார்த்தேன், பக்கத்தில் "பிறகு சரிசெய்ய வேண்டும்" என்று கமென்ட், தேதி மூன்று வருஷம் பழசு. ரேண்டம் கிடைக்கவில்லையென்றால் ப்ரோக்ராம் நிற்கட்டும், அது நின்றால் ஒரு டிக்கெட்தான் வரும்.

## அறிகுறி: டோக்கன் முழுக்க ஒரே எழுத்து

பேஸ்64 டோக்கன் முழுக்கப் பெரிய ஏ-வாக இருந்தால் உள்ளே அத்தனை பைட்டும் பூஜ்ஜியம். முழுக்கச் சாய்கோடாக இருந்தால் அத்தனை பிட்டும் 1. இரண்டுக்கும் காரணம் வேறு.

பூஜ்ஜியம் என்றால் திரும்பி வந்த மதிப்பை யாரும் பார்க்கவில்லை. ஓபன்எஸ்எஸ்எல்லின் ரேண்ட் பைட்ஸ் வெற்றிக்கு 1 தரும், தோல்விக்கு 0 அல்லது -1. சி-யில் வெறும் இஃப் போட்டால் -1-உம் உண்மை என்று ஆகிவிடும், ஆக பஃபர் நிரம்பாமலே அடுத்த வரிக்குப் போகும். 1-உடன் சமமா என்று ஒப்பிடுங்கள். கோப்பாகத் திறந்து படிக்கிறீர்களென்றால், அடைபட்ட சூரூட் அமைப்புக்குள் /டெவ்/யூரேண்டம் இல்லாமல் இருக்கலாம், அல்லது திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டிருக்கலாம். கெட்ரேண்டமுக்கு மாறினால் இரண்டு தொல்லையும் போகும், கோப்பே தேவையில்லை.

எல்லாம் 1 என்றால், கோடு சிபியுவே ரேண்டம் தரும் ஆர்டிரேண்ட் கட்டளையை நேரடியாகக் கூப்பிடுகிறதா பாருங்கள். 2019-இல் வந்த ஏஎம்டி ரைசன் 3000 வரிசையில் தொடக்கத்தில் இந்தக் கோளாறு இருந்தது, எப்போது கேட்டாலும் அதே விடை, சிஸ்டம்டி உள்ள புதிய லினக்ஸ்கள் பூட்டே ஆகவில்லை. பழைய சில ஏஎம்டி சிபியுக்களில் லேப்டாப் தூங்கி எழுந்ததும் இப்படி ஆகும். பயாஸ் அப்டேட் போடுங்கள், ஆர்டிரேண்டை நேரடியாகக் கூப்பிடுவதை விடுங்கள். கெர்னல் அதை மட்டும் நம்புவதில்லை, வேறு பலதோடு கலக்கிறது.

## அறிகுறி: ஒரே கீ இரண்டு இடத்தில், அல்லது கையெழுத்தில் ஒரே பகுதி திரும்ப வருகிறது

இதுதான் விலை கூடியது. இங்கே நீங்கள் செய்ய வேண்டியது சரிபார்ப்பு மட்டும், வைத்தியம் இல்லை.

சர்வர்களின் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ கைரேகைகளை வரிசையாக எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு ஒன்றாக இருந்தால், முதல் சந்தேகம் எளிமையானதுதான்: கீ உருவான பிறகு இமேஜ் எடுத்திருக்கிறார்கள். இமேஜிலிருந்து ஹோஸ்ட் கீக்களையும், சிஸ்டம்டியின் ரேண்டம் சீடு கோப்பையும், மெஷின் ஐடியையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சர்வரும் தன் முதல் பூட்டில் புதிதாக உருவாக்கிக்கொள்ளட்டும்.

ஈசிடிஎஸ்ஏ முறையில் போட்ட டிஜிட்டல் கையெழுத்துகள் இருந்தால், ஒரே கீ போட்ட இரண்டு வெவ்வேறு செய்திகளின் கையெழுத்தில் ஆர் என்ற முதல் பாதி ஒன்றாக இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றாக இருந்தால் அந்த ரகசியக் கீ ஏற்கெனவே வெளியே போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூட அல்ஜீப்ராவிலேயே அதை எடுத்துவிடலாம். 2010 டிசம்பரில் சோனி பிஎஸ்3-இன் கையெழுத்துக் கீ இப்படித்தான் போனது, ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டிய எண்ணை மாற்றாமலே வைத்திருந்தார்கள். 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் செக்யூர் ரேண்டம் ஓட்டையால் பிட்காயின் வாலட்டுகள் காலியானதும் இதே வழியில். புதிதாக எழுதுகிறவர்கள் ஈடி25519 கையெழுத்து முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆர்எஃப்சி 6979 முறையில் அந்த எண்ணைக் கீயிலிருந்தும் செய்தியிலிருந்தும் கணக்கிடும் நூலகத்தை. ஏஇஎஸ் ஜிசிஎம் என்கிரிப்ஷனிலும் நான்ஸ் திரும்பக் கூடாது, ரேண்டமாக 96 பிட் நான்ஸ் எடுத்தால் ஒரு கீக்கு 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 429 கோடிச் செய்திக்கு முன்பே கீயை மாற்றிவிடுங்கள்.

கீ நீளமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பணம் போய்விட்டது என்றால் சீடின் நீளத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அம்பலமான, பிட்காயின் கருவியான லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் 3.x-இன் கோளாறில், 256 பிட் கேட்டாலும் உள்ளே மெர்சென் ட்விஸ்டருக்குப் போனது 32 பிட் நேரம். 9 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இந்த நிலைக்கு வந்துவிட்டால் கிரிப்டோ தெரிந்த ஆடிட்டர் கட்டாயம், ஏனென்றால் கோடைச் சரிசெய்வது வேலையில் கால்வாசி. டெபியன் லினக்ஸில் 2006 செப்டம்பரில், வால்கிரைண்ட் (மெமரிப் பிழை தேடும் கருவி) எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓபன்எஸ்எஸ்எல்லில் எடுக்கப்பட்ட வரிகளால் மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும், ஒவ்வொரு வகைக் கீக்கும் 32,768 சாத்தியங்கள். 2008 மே 13-ஆம் தேதி பேட்ச் வந்தது, ஒரு அப்டேட்டில் மென்பொருள் சரியாகிவிட்டது. ஆனால் இடையில் உருவான கீக்கள் ஒவ்வொன்றும் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நல்ல இடத்தில் உருவான டிஎஸ்ஏ கீயைக்கூட, கெட்ட டெபியனில் ஒருமுறை கையெழுத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் கைவிட வேண்டியதாயிற்று.

ஆடிட்டர் வருவதற்குள் இதை எடுத்து வைத்திருங்கள்: கோளாறு உள்ள பதிப்பு எந்தத் தேதியில் ஏறியது, எந்தத் தேதியில் இறங்கியது, இடையில் உருவான கீ, டோக்கன், சான்றிதழ் எல்லாவற்றின் பட்டியல், யாருடைய ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் (எஸ்எஸ்எச் எந்தக் கீக்களை உள்ளே விடலாம் என்ற பட்டியல்) அவை இருக்கின்றன, எந்தப் பேக்கப்பில் இருக்கின்றன. சான்றிதழ்களைப் புதிதாக வாங்கினால் மட்டும் போதாது, பழையதை ரத்தும் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பழைய சர்வர் இமேஜ், அதை யாராவது அழித்தார்களா என்று கேளுங்கள். அழித்தாகிவிட்டது என்பார்கள், ஆட்டோஸ்கேலிங் அமைப்பைத் திறந்து எந்த இமேஜ் எண் அங்கே இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட்டை மூடுங்கள்.